இருநூற்றுப் பதினான்கு புட்டிகள்

மாவ்பிங் ஊரில் யின்சியூவின் குரல் தெரியாதவர்கள் கிடையாது. ஓடைக்கு இந்தப் பக்கம் நின்று அவள் கூப்பிட்டால் அந்தப் பக்கத்து வயலில் குனிந்து நாற்று நடுகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். இருபத்திரண்டு வயதில் அந்த ஊருக்கு மருமகளாக வந்தவள். எட்டாவது வரை படித்திருந்தாள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், யார் முன்னாலும் நாக்கு ஒட்டிக்கொள்ளாது. இது போதுமென்று 1991இல் ஊர் நிர்வாகம் அவளை மகளிர் பொறுப்பாளர் ஆக்கியது. கல்யாணப் பதிவு, பிரசவப் பதிவு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊர்ப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கர்ப்பமா இல்லையா என்று பார்த்துவருவது எல்லாம் அவள் வேலை. அரசு அனுமதித்ததற்கு மேல் யாராவது வயிற்றில் வாங்கிக்கொண்டால் கலைப்பதற்கு அவர்களை மருத்துவமனைக்கு அழைத்துப் போவதும் அவள் வேலைதான்.

மேலிடத்துச் சொல்லை அவள் ஒருநாளும் மீறியதில்லை. மீற வேண்டும் என்று தோன்றியதுகூட இல்லை. 1994 இலையுதிர் காலத்தில் பக்கத்து வீட்டுச் சுய்லியன் ஆறு மாதம் ஆனதை மறைத்து வைத்திருந்தது தெரிந்துபோனது. மூத்தது பெண். அடுத்ததற்கு அனுமதி வர இன்னும் இரண்டு வருடம் இருந்தது. டிராக்டரின் பின்தட்டில் வைக்கோல் பரப்பி, அதில் சுய்லியனை உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்து, வழியெல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டே போனவள் யின்சியூதான். திரும்பி வரும்போது சுய்லியன் கையைத் தரவில்லை. அதன் பிறகு பேச்சும் தரவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு மூங்கில் வேலி. அதைத் தாண்டிக் கோழி போகும், பூசணிக்கொடி போகும், பேச்சு மட்டும் போகாது. வரப்பில் எதிரெதிரே வந்தால் சுய்லியன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வயலுக்குள் இறங்கி நின்றுவிடுவாள், யின்சியூ கடந்து போகிறவரைக்கும்.

யின்சியூவின் புருஷன் சாங்கெங் ஓடையின் மேல்வளைவில் இருந்த ஆலையில் உலைக்காரன். துத்தநாகம் உருக்கும் ஆலை. அது வந்தபோது ஊருக்கே கொண்டாட்டம். வேலை கிடைத்த முதல் பன்னிரண்டு பேரில் சாங்கெங்கும் ஒருவன். ஆலைக் கசடைக் கொண்டுவந்து கொட்டித்தான் ஊர்ப்பாதையைச் சேறில்லாமல் ஆக்கினார்கள். ஓடைத்தண்ணீர் சில நாள் பழுப்பாக வரும், சில நாள் பச்சையாக வரும், அதைத்தான் வாய்க்காலில் திருப்பி வயலுக்குப் பாய்ச்சினார்கள். மிளகாய் இலையில் வெள்ளைப் புள்ளி விழும். வாத்துகள் சில நேரம் செத்து மிதக்கும். ஆனால் நெல்லுக்கு ஒரு குறையும் இல்லை. கதிர் தலை சாய்ந்து நின்றது, அரிசி வெள்ளையாக இருந்தது, சோறு மணத்தது. கெட்டுப்போனதற்கு ஒரு அடையாளமாவது இருந்திருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள்.

மூட்டு வலி எல்லா வீட்டிலும் இருந்தது. ஐம்பது தாண்டிய பெண்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்கள். எல்லாம் ஈரக்காற்று எலும்பில் இறங்கியது என்று சொல்லிக்கொண்டார்கள். ஈரத்துக்கு மருந்து காரம். குழம்பில் இன்னும் இரண்டு கை மிளகாயை அள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

2009ஆம் வருடம் வசந்தத்தில், கீழ்வளைவு ஊரில் ஒருவன் இருமும்போதே விலா எலும்பு முறிந்து செத்தான் என்ற பேச்சு பரவியது. அதற்குப் பிறகுதான் மாவட்டத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். எல்லோருடைய சிறுநீரையும் சோதிக்க வேண்டும் என்றார்கள். பெயர் எழுதி ஒட்டிய பிளாஸ்டிக் புட்டிகளை இரண்டு கூடையில் போட்டு யின்சியூவிடம் கொடுத்தார்கள். வீடு வீடாகக் கொடுத்து, மறுநாள் காலையில் வாங்கி வர வேண்டும்.

ஊர் அவளைச் சும்மா விடவில்லை. "முன்னெல்லாம் வயித்துல என்ன இருக்குன்னு பாக்க வந்தே. இப்ப அதுக்கும் கீழ எறங்கிட்டியா அண்ணி?" என்றாள் ஒருத்தி. வெற்றிலை இல்லாமல் வெறும் பாக்கை மென்றுகொண்டிருந்த ஒரு கிழவர், தன் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இதே அளவுக்குச் சாராயம் தருவதாக இருந்தால் இன்னும் நாலு புட்டி நிரப்பித் தருகிறேன் என்றார். யின்சியூவும் சிரித்துக்கொண்டுதான் வாங்கினாள். சுய்லியன் வீட்டுக்கு மட்டும் அவள் போகவில்லை. புட்டிகளை வேலிக்கம்பின் ஓரம் வைத்துவிட்டு வந்தாள். காலையில் அவை அதே இடத்தில் நிரம்பி, மூடி இறுக்கி, துடைத்து வைக்கப்பட்டிருந்தன. எண்ணிப் பார்த்ததில் மொத்தம் இருநூற்றுப் பதினான்கு.

கூடைகளை வண்டியில் ஏற்றும்போது, வந்திருந்த இளம் பெண் மருத்துவரிடம் இது எதற்கு என்று யின்சியூ கேட்டாள். அந்தப் பெண் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள்.

"காட்மியம்னு ஒரு உலோகம்மா. ஆலைத் தண்ணியில வந்து மண்ணுல தங்கிடும். நெல்லு அத நல்லா உறிஞ்சும். தெனம் தின்னா சிறுநீரகத்துல சேந்துகிட்டே போகும். சிறுநீரகம் கெட்டா எலும்புல இருக்கற சத்தெல்லாம் ஒழுகிப் போயிடும். அளவு அஞ்சுக்குள்ள இருந்தா பயமில்ல."

"சேந்தது எப்ப வெளிய போகும்?"

"இருபது வருஷம் ஆகலாம். முப்பதும் ஆகலாம்" என்றாள் மருத்துவர்.

நாற்பது நாள் கழித்துப் பட்டியல் வந்தது. ஊர்ச் செயலாளர் லுவோ அவளை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து ஆறு தாள்களை எடுத்து வைத்தார். லுவோ கெட்டவர் இல்லை. அவருடைய அம்மாவின் பெயரும் அதில் இருந்தது. ஐந்துக்கு மேல் போனவர்களின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு போய், பால் குடியுங்கள், முட்டை தின்னுங்கள், மறுபடி ஒருமுறை சோதனைக்கு வாருங்கள் என்று சொல்ல வேண்டும். எண்ணைச் சொல்லக் கூடாது. மேலே இருந்து வந்த உத்தரவு அது என்றார்.

"யோசிச்சுப் பாரு யின்சியூ. ஒரு மாசத்துல அறுப்பு. இது வெளிய தெரிஞ்சா நெல்லு வாங்க ஒரு லாரி வராது. நம்ம பையனுங்களுக்கு ஒருத்தனும் பொண்ணு தரமாட்டான். தெரிஞ்சு என்ன பண்ணப் போறாங்க? உள்ள போனத எடுக்கவா முடியும்?"

அவர் தேநீருக்கு வெந்நீர் எடுக்க உள்ளே போன நேரத்தில் யின்சியூ பெயர்களோடு எண்களையும் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். அவள் பெயருக்கு நேரே ஒன்பது இருந்தது. சுய்லியனுக்குப் பதின்மூன்று. சாங்கெங்குக்கு இருபத்தொன்று. ஊரிலேயே அதுதான் அதிகம். ஐந்தைத் தாண்டியவர்கள் நூற்று முப்பத்தெட்டு பேர்.

இரண்டு நாள் அவள் எங்கும் போகவில்லை. பன்றிக்குத் தீவனம் வைத்தாள், துணி துவைத்தாள், அரிசியைக் களைந்து உலையில் போடப் போய், கை தண்ணீருக்குள்ளேயே நிற்க, பார்த்துக்கொண்டிருந்தாள். லுவோ சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. தெரிந்து என்ன செய்வார்கள்? ஆனால் டிராக்டரில் போன அன்றும் இப்படித்தான் ஒரு நியாயம் இருந்தது. வழியெல்லாம் அவள் சுய்லியனிடம், சின்னச் சோதனைதான், பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று சொல்லிக்கொண்டே போனாள். அப்படித்தான் சொல்லி அழைத்து வரச் சொல்லியிருந்தார்கள். அழைத்துப் போனதைக்கூட உத்தரவு என்று தள்ளிவிட முடிந்தது. சொன்ன பொய்யை அவளால் பதினைந்து வருடமாக எங்கும் தள்ளிவைக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் காலை நோட்டை எடுத்துக்கொண்டு வேலியைச் சுற்றி வந்து சுய்லியனின் முற்றத்தில் நின்றாள். சுய்லியன் பலகையில் சர்க்கரைவள்ளிக் கொடியைப் பன்றிக்காக வெட்டிக்கொண்டிருந்தாள். நோட்டைப் பார்த்ததும் கத்தி நின்றது.

"அன்னிக்கும் இந்த நோட்டோடதான் வந்தே."

"இது வேற நோட்டு" என்றாள் யின்சியூ. சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அசட்டுத்தனமான பதில் என்று தெரிந்தது. நோட்டைத் திறந்தாள். "உன் புட்டியோட கணக்கு வந்திருக்கு. அஞ்சுக்குள்ள இருக்கணும். உனக்குப் பதிமூணு. உன் வீட்டுக்காரருக்கு எட்டு. சிறுநீரகத்துல ஏறிக்கிட்டு இருக்கு. அரிசியிலேர்ந்துதான். நம்ம வயல் அரிசிய நிறுத்தணும். பெரிய ஆஸ்பத்திரியில காட்டணும்."

"இதச் சொல்லச் சொல்லி அனுப்பினாங்களா?"

"இல்ல. சொல்லக் கூடாதுன்னு அனுப்பினாங்க."

சுய்லியன் கத்தியைப் பலகையில் வைத்தாள். வெட்டிய கொடியைக் கூடையில் வாரிப் போட்டாள். "என் முகத்தப் பாத்து நெஜம் பேச உனக்கு இத்தன வருஷம் ஆச்சு" என்றாள். உட்காரச் சொல்லவில்லை. யின்சியூ தலையசைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

இரண்டு பகல் முழுக்க நடந்தாள். ஐந்துக்குக் கீழே இருந்தவர்களுக்கும் சொன்னாள். சிலர் எண்ணைக் கேட்டுவிட்டு அது எந்தக் கணக்கு என்று புரியாமல் விழித்தார்கள். ஒரு வீட்டில் இஞ்சியும் எள்ளும் போட்ட தேநீர் கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஒரு வீட்டில் அதே தேநீரை அவள் காலடியில் ஊற்றினார்கள். அந்த வீட்டுப் பையனுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. பாக்கு மெல்லும் கிழவர் தனக்குப் பதினேழு என்று கேட்டதும், அப்பாடா, வாழ்க்கையில் ஏதோ ஒன்றிலாவது நல்ல மார்க் வாங்கினேன் என்றார். அவர் மனைவி சிரிக்கவில்லை.

கடைசியாகத் தன் வீட்டுக்கு வந்தாள். சாங்கெங் காலை முறை முடிந்து குளித்துவிட்டு முற்றத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தான். உலைக்காரர்களுக்கு ஐம்பத்தைந்தில் ஓய்வு. அவனுக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது. எத்தனையோ முறை விரலை மடக்கி மடக்கி அந்த மூன்று வருடத்தைச் சொல்லியிருக்கிறான். ஓய்வு வந்ததும் மகள் வேலை பார்க்கும் தெற்குக் கடற்கரை நகரத்துக்குப் போய் ஒருமுறை கடலைப் பார்க்க வேண்டும் என்பான்.

"ஊருக்கெல்லாம் சொல்லிட்டே. எனக்கு எவ்வளவு?" என்றான் தலை நிமிராமல்.

நோட்டு அவள் இடுப்பில்தான் இருந்தது. "ஆறு" என்றாள்.

"ஆறுதானா? நான் உலைக்குள்ளயே குடியிருக்கிறவன். எனக்கு ஆறுதானா?" சிரித்தான். "கெழவன் என்னத் தோக்கடிச்சிட்டானே." பூண்டுத்தோலை ஊதிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனான்.

லுவோ சொன்னது நடந்தது. அந்த அறுப்புக்கு லாரி வரவில்லை. நெல் மூட்டைகள் வீடுகளில் கூரை தொட அடுக்கிக் கிடந்தன. நிச்சயமான பெண்ணைப் பெண்வீட்டார் திருப்பிக்கொண்டார்கள். யின்சியூவை வட்டார அலுவலகத்தில் கூப்பிட்டு விசாரித்து, பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். நடவுக்கும் அறுப்புக்கும் ஆளுக்கு ஆள் மாற்றிக் கைகொடுப்பது ஊர் வழக்கம். அடுத்த நடவுக்கு அவள் வயலில் இறங்க ஒருவரும் வரவில்லை. சந்தைக்குப் போகும் வேனில் அவள் ஏறினால் பேச்சு நின்றுவிடும். நீ வாயை மூடிக்கொண்டிருந்தால் நோய் மட்டும்தான் இருந்திருக்கும், இப்போது நோயும் இருக்கிறது, பிழைப்பும் போயிற்று என்று ஒருத்தி நேராகவே சொன்னாள். மகள் ருய் தொலைபேசியில் அழுதாள், இங்கே வந்துவிடுங்கள் என்றாள். அப்பாவுக்கு வேலை முடியட்டும் என்று யின்சியூ சொல்லிவிட்டாள்.

ஆனால் எண்ணைத் தெரிந்துகொண்டவர்களால் அதைத் திரும்ப மறக்க முடியவில்லை. முதலில் சுய்லியனும் அவள் புருஷனும் பேருந்து ஏறி மாகாணத் தலைநகர் மருத்துவமனைக்குப் போனார்கள். பிறகு இன்னும் நாலு பேர். பிறகு இருபது பேர். கையில் எண் இருந்ததால் மருத்துவர்களால் அவர்களை ஈரக்காற்று என்று சொல்லித் திருப்பி அனுப்ப முடியவில்லை. மேலிடத்துக்கு மனு எழுத வேண்டியிருந்தது. ஊரில் நல்ல கையெழுத்து யாருக்கு என்று யோசித்தால் ஒரே ஒரு பெயர்தான் வந்தது. தேநீரை ஊற்றிய வீட்டுக்காரர்தான் தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு, அவள் வாசலில் வந்து தொண்டையைக் கனைத்தார். யின்சியூ முக்காலியை இழுத்துப் போட்டாள்.

பின்னால் மண் எடுக்கிறவர்கள் வந்தார்கள். வயல் வயலாக இரும்புக் குழாயை இறக்கி, எடுத்த மண்ணைப் பையில் கட்டி எண் போட்டுக் கொண்டுபோனார்கள்.

சாங்கெங்கின் ஓய்வு வந்தது. கடலைப் பார்க்கப் போகவில்லை. கால் வீங்க ஆரம்பித்திருந்தது. மறு வருடம் குளிர்காலத்தில் அடுப்புக் கட்டையைத் தூக்கும்போது விலா இரண்டு இடத்தில் விட்டுப்போனது. மாவட்ட மருத்துவமனையில் சேர்த்தபோது சிறுநீரகம் பெரும்பாலும் போய்விட்டது என்றார்கள். படுக்கையில் அவன் உடம்பு சிறுத்துக் கிடந்தது; முன்பு அவனுக்குச் சரியாக இருந்த உலைக்காரச் சட்டைக்குள் இப்போது இரண்டு சாங்கெங் போகலாம்.

ஒரு மத்தியானம் அவள் ஆரஞ்சு உரித்துச் சுளை சுளையாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் ஒரு சுளையை வாயில் ஒதுக்கிக்கொண்டு சொன்னான்.

"இருபத்தொண்ணு."

அவள் கை நின்றது.

"லுவோ எங்கிட்ட முன்னாலேயே சொல்லிட்டான். நீ நோட்டத் தூக்கிக்கிட்டு ஊரச் சுத்தறதுக்கு முன்னாடியே. உலைய விட்டு எறங்கிடு, அலுவலகத்துல காவல் வேலை வாங்கித் தரேன்னான். நான்தான் கேக்கல. மூணு வருஷம்தானேன்னு இருந்துட்டேன்."

"அப்புறம் எதுக்கு எங்கிட்டக் கேட்டே?"

"நீ என்ன சொல்லுவேன்னு பாக்கத்தான்." மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தான். "ஆறுன்னே. உன் காது செவந்துபோச்சு. பாவமா இருந்துச்சு, விட்டுட்டேன்."

யின்சியூ மீதி ஆரஞ்சைத் தட்டில் வைத்துவிட்டு அழுதாள். ஊர் அவளை ஒதுக்கியபோது அழாதவள். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த நாளே சண்டை பிடித்து, ஆலை வாசலில் போய் நின்று, அவனை இறக்கிக்கொண்டு வந்திருப்பாள். அவளால் அது முடியும், அந்தக் குரலுக்கு முடியும். அவனுக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாமல், அவள் மறைப்பது அவனுக்குத் தெரிந்து, அந்த மூன்று வருடமும் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சோறு தின்றார்கள். சாங்கெங் அவள் முழங்கையைத் தட்டிக்கொடுத்தான், சுளையைத் தரச் சொன்னான். புத்தாண்டான வசந்தத் திருநாளுக்குப் பதினோரு நாள் முன்னால் இறந்தான்.

மற்றவர்கள் எத்தனையோ சமாதானம் சொன்னார்கள். அவனுக்குத் தெரிந்துதானே இருந்தது, உன்மேல் என்ன தப்பு என்றார்கள். அவள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவனவன் எண் அவனவனுக்குச் சொந்தம் என்று சொல்லித்தான் அத்தனை வாசலிலும் நின்றேன், என் வாசலில் மட்டும் நிற்கவில்லை என்பாள். இதை அவள் அழுதுகொண்டு சொல்வதில்லை. கேட்டால் சொல்வாள், அவ்வளவுதான்.

அடுத்த வருடம் வயல்களில் நெல் போடக் கூடாது என்று உத்தரவு வந்தது. சுண்ணாம்பு தூவினார்கள், பட்டுப்புழுவுக்கான முசுக்கொட்டை நடச் சொன்னார்கள். மாவ்பிங்காரர்கள் முதன்முதலாகக் கடையில் அரிசி வாங்கினார்கள். கொஞ்ச நாள் அந்தப் பையைத் துணியால் மூடித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள், விவசாயி அரிசி வாங்குவதை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று. ஆலையும் மூடப்பட்டது. புகைபோக்கியை வெடி வைத்துச் சாய்த்த அன்று ஊரே போய்ப் பார்த்தது, யின்சியூ போகவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டார வேன் வந்து நோயாளிகளை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகும். சுய்லியனும் அதில் வருவாள். முதல் இரண்டு வருடம் முன்னிருக்கையில் உட்கார்ந்தாள். பிறகு ஒருநாள் இடமில்லாமல் யின்சியூவின் பக்கத்தில் உட்கார வேண்டி வந்தது, அதற்கடுத்த முறை இடம் இருந்தும் அங்கேயே உட்கார்ந்தாள். கோழிக்கு வந்த கழிச்சல், ஊசி போடும் செவிலியின் கைநடுக்கம், பேத்தியின் பள்ளிக்கூடம் என்று பேசுவாள். டிராக்டரைப் பற்றி இருவரும் பேசியதில்லை. ஒரே ஒருமுறை, மழையில் வேன் குழியில் இறங்கித் தூக்கிப்போட்டபோது, யின்சியூ தன்னையறியாமல் அவள் கையைப் பிடித்தாள். சுய்லியன் கையை மெதுவாக இழுத்துக்கொண்டு, பலகாரப் பொட்டலத்தைத் திறந்து அவளுக்கு ஒன்று கொடுத்தாள்.

2019இல் மண்ணைத் திருத்துகிற ஆராய்ச்சிக்காரர்கள், அளவு குறைந்திருக்கிறது, ஒரு வயலில் மட்டும் சோதனைக்கு நெல் போட்டுப் பார்க்கலாம் என்றார்கள். யின்சியூவின் வயல் வாய்க்கால் தலைப்பில் இருந்ததால் அதைக் கேட்டார்கள். ஐந்து வருடம் கழித்து ஊரில் நாற்று இறங்கியது. அறுபதை நெருங்குகிறவள், இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு அவளே நட்டாள். யாரும் கூப்பிடாமலே பதினைந்து இருபது பேர் வந்து கூட இறங்கினார்கள். கதிர் வந்தபோது மாலை வேளைகளில் வரப்பில் ஆட்கள் வந்து சும்மா நின்றுவிட்டுப் போனார்கள்.

அறுத்து, காயவைத்து, மாதிரி எடுத்துப் போனார்கள். முடிவு வர மூன்று வாரம் ஆனது. வந்த இளைஞன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, கிட்டத்தட்ட வந்துவிட்டது, எல்லைக்குக் கொஞ்சம்தான் மேலே, இன்னும் சில வருடம் போனால் சரியாகிவிடும் என்று இழுத்தான்.

"கொஞ்சம்னா எவ்வளவு தம்பி? எண்ணச் சொல்லு" என்றாள் யின்சியூ.

"அரிசிக்கு எல்லை பூஜ்யம் புள்ளி ரெண்டும்மா. இது பூஜ்யம் புள்ளி ரெண்டு எட்டு."

அவள் அதை வாசலில் நின்றவர்களுக்குக் கேட்கும்படி உரக்கத் திருப்பிச் சொன்னாள். சுய்லியன்தான், அப்படியானால் இந்த மூட்டைகளை என்ன செய்வது என்று கேட்டாள். எடுத்துப்போய் அழித்துவிடுவோம் என்றான் இளைஞன். பதினோரு மூட்டை. ஆண்கள் வண்டியில் ஏற்றினார்கள். யின்சியூ ஒவ்வொன்றையும் கட்டு இறுகியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து அனுப்பினாள். வண்டி போனதும் உள்ளே போய், கடை அரிசியில் இரண்டு பிடி எடுத்து உலையில் போட்டாள்.